எழாத வண்டியும் அளவை நூலும்

கற்றதன் பயன், வேண்டும்பொழுது அதனைக் கைக்கொள்ளுதலேயாம். பள்ளியிற் பகலெல்லாம் தமிழும், மாலையில் விரும்பி வந்தார்க்கு அளவை நூலும் முப்பதாண்டு பாடஞ்சொல்லிய யான், பழைய டீசல் கார் ஒன்றின் முன்னர் அவ்வளவை நூலை முற்றும் மறந்து நின்றேன். அம்மறதியால் ஓர் எளிய இளைஞர்க்குத் தீங்கும் இழைத்தேன். அதனை மறையாது எழுதுதல் கடன் என்று கருதி இதனை வரையலானேன்.

பணியினின்று ஓய்வுபெற்றபின் யான் என் தமக்கையாருடன் கொடைக்கானலில் வாழ்ந்து வருகின்றேன். தமக்கையார் இளைப்பு நோயுடையார். திங்களிருமுறை அவரை மருத்துவத்தின்பொருட்டுப் பழனிக்கு அழைத்துச் செல்லல் வேண்டும். வழியோ ஏறத்தாழ 65 கிலோமீட்டர் மலைப்பாதை. ஆதலின் எம் இல்லத்திற்கு அக்கார் இன்றியமையாததாயிற்று.

2022-ஆம் ஆண்டு ஐப்பசித் திங்களில் அவ்வண்டி ஒரு புதிய குணங் காட்டத் தொடங்கிற்று. சில நாட் காலையில் சாவியைத் திருப்பிய அளவிலே எழும். சில நாளில் எத்துணை முயலினும் எழாது. என்றும் எழாதாயின் பிணியை அறிதல் எளிது. ஒருகால் எழுந்தும் ஒருகால் எழாதும் நிற்பதே அறிவை மயக்குவதாகும். பழனி அடிவாரத்தில் ஒரு நாளும் அது எம்மைக் கைவிட்டதில்லை. கொடைக்கானலில் எம் வீட்டு வாயிலிலேயே அடிக்கடி கைவிட்டது. ஆகவே கண்டோர் அனைவரும், ‘குளிரே காரணம்’ என்று ஒருபடித்தாக முடிவு கூறினர்.

அம்முடிபு பொருத்தமுடையது போலவே தோன்றிற்று. என்னை? உருடால்ப் டீசல் என்னும் செருமானியப் பொறியறிஞர் 1897-இல் இயக்கிக் காட்டிய எஞ்சினில் தீப்பொறி எழுப்புங் கருவி இல்லை. உள்வாங்கிய காற்றைத் தன் அளவின் பதினைந்து முதல் இருபத்திரண்டில் ஒரு பங்காகுமாறு நெருக்க, அந்நெருக்கத்தால் அக்காற்று 500 பாகை செல்சியசுக்கு மேற் சூடேறும். அச்சூட்டிற் பீச்சப்படும் டீசல் தானே பற்றிக்கொள்ளும். காற்றுக் குளிர்ந்திருப்பின் அச்சூடு குறையும். கொடைக்கானலோ கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தது. அங்குக் காற்றின் அழுத்தமும் கடற்கரையில் உள்ளதில் ஐந்தில் நான்கு பங்கேயாம். குளிர்ந்த எஞ்சினுக்கு உதவவே ‘ஹீட்டர் பிளக்’ என்னுஞ் சூடேற்றி வைக்கப்பட்டுள்ளது. ஆகலின் மெக்கானிக் ஒருவர் ஹீட்டர் பிளக்குகளை மாற்றினார். பின்னர்ப் பேட்டரியையும் மாற்றினார். பொருள் சென்றது, பிணி செல்லவில்லை.

அந்நாளில் வண்டியோட்டி வந்த இளைஞர் என்பால் ஒரு சொற் கூறினார்: “ஐயா, செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் பின்னாலே புகையே வரவில்லை.” யான் அதனைக் கருதினேனில்லை. பொறிநூல் கல்லாதவர் சொல் என்று தள்ளிவிட்டேன்.

மார்கழியில் ஓர் இரவு தமக்கையார்க்கு மூச்சு முட்டிற்று. வண்டி எழவில்லை. அண்டை வீட்டார் தம் ஜீப்பில் அவரை மருத்துவமனை சேர்த்தமையால் உயிர் பிழைத்தார். அச்சத்தாற் பிறந்த சினத்தை யான் அவ்விளைஞர்மேற் செலுத்தினேன். அவர் விளக்கை அணையாது விட்டுப் பேட்டரியைக் கெடுத்தார் என்றும், நேற்று எழுந்தது என்று அவர் சொல்வது பொய் என்றும் பலர் கேட்பக் கூறினேன். அவர் மறுமொழி கூறாது சாவியைத் திண்ணைமேல் வைத்துப் போயினார். பேட்டரி கெட்டிருப்பின் செல்ஃப் வலிதிற் சுழலாதன்றோ! அச்சுழற்சியின் ஒலியை அன்றிரவு என் செவியே கேட்டது. கேட்டும் எண்ணிற்றிலேன்.

வேறோர் ஓட்டுநர் வந்தார். முன்னவர் பிழையை மெய்ப்பித்தற்பொருட்டு, வண்டி எழுந்த நாளையும் எழாத நாளையும், நின்ற இடம், நாழிகை, தட்பவெப்பம் ஆகியவற்றோடு ஒரு குறிப்பேட்டில் எழுதலானேன். பிணி நீங்கவில்லை. காரணம் எனப்பட்டவர் நீங்கியும் காரியம் நீங்காமையின் அவர் காரணரல்லர் என்பது அப்பொழுதே முடிந்தது. என் கை எழுதிய ஏடே எனக்கு எதிர்ச்சான்றாயிற்று.

நாற்பது குறிப்புக்கள் சேர்ந்தபின் அவற்றை ஒருசேர வைத்து நோக்கினேன். ஒன்பது முறை வண்டி எழவில்லை. அவற்றுள் ஒன்று, 2023 வைகாசியில் வெயில் காய்ந்த நண்பகல். தை மாதத்துக் கடுங்குளிரில், 1863-இல் அமைக்கப்பெற்ற ஏரியின் அருகே நண்பர் ஒருவர் வீட்டு முற்றத்தில் இரவு முழுதும் நின்ற வண்டியோ முதன் முயற்சியிலேயே எழுந்தது. குளிர் இருந்தும் காரியம் இல்லை. குளிர் இன்றியும் காரியம் உண்டு. எனவே குளிர் காரணமன்று. அவ்வொன்பதிற்கும் பொதுவாயது யாது? அவை யாவும் எம் வீட்டு வாயிலில் நிகழ்ந்தன. நண்பர் முற்றமும் பழனி அடிவாரமும் சமநிலம். எம் வாயிலோ சரிவு. அங்கு வண்டி முகம் மேல்நோக்கி நிற்கும். குளிரும் சரிவும் ஓரிடத்தில் உடனிருந்தமையின், சரிவின் குற்றத்தைக் குளிரின்மேல் ஏற்றினோம்.

இதனைத் தேர்தற்கு, அதே வாயிலில் வண்டியை முகங் கீழ்நோக்கி ஏழிரவு நிறுத்தினோம். ஏழு காலையும் எழுந்தது. மீண்டும் மேல்நோக்கி நிறுத்த, மூன்றாம் நாட் காலையில் எழவில்லை.

அதன்பின் முதிய மெக்கானிக் ஒருவர் வந்து காரணத்தை விளக்கினார். டீசல் தொட்டி வண்டியின் பின்புறத்தது. முகம் மேல்நோக்கி நிற்குங்கால் தொட்டி தாழ்ந்துவிடும். இடையிலுள்ள ரப்பர்க் குழாயில் மயிரிழைப் பிளவு இருப்பின், அதன் வழியே காற்றுப் புகும். குழாயில் நின்ற டீசல் மெல்லப் பின்வாங்கித் தொட்டியை அடையும். காலையிற் பம்பு டீசலைப் பெறாது காற்றையே பெறும். தொட்டி நிறைந்துள்ள நாளிலும், வண்டி சிறிது பொழுதே நின்ற நாளிலும் இவ்வாறு நிகழ்தல் அரிது. ஒருகால் எழுந்து ஒருகால் எழாமைக்குக் காரணம் இதுவே. அவர் ஃபில்டரின் மேலுள்ள கைப்பம்பை இறுகும்வரை அழுத்த, வண்டி உடனே எழுந்தது. ஃபில்டர்க்கும் பம்பிற்கும் இடையே கண்ணாடிபோலும் தெளிந்த குழாய் ஒன்றைப் பொருத்த, அதனுள் குமிழிகள் ஓடுதலைக் கண்ணாரக் கண்டோம். வண்டி முகங் கீழாக நின்ற ஏழு நாளில், பழைய குழாயின் கிளிப்பருகே புழுதி ஈரம் பற்றியிருந்தது. பிளவு அங்கேயே இருந்தது. புதுக்குழாயும் கிளிப்பும் இட்டபின் இன்றுவரை ஒரு நாளும் வண்டி தவறவில்லை.

அம்முதியவர் கேட்ட முதல் வினா, “செல்ஃப் சுற்றும்போது புகை வந்ததா?” என்பதே. டீசல் சென்றும் பற்றாதாயின் வெண்புகை தோன்றும்; புகையே இன்றேல் டீசல் செல்லவில்லை. இளைஞர் முதற்கண் உரைத்ததும் இதனையன்றோ! சிவஞான சித்தியார் அளவைகளைக் காண்டல், கருதல், உரை என மூன்றில் அடக்குதலும், ஏதுக்களுள் அநுபலத்தியை ஒன்றாக வைத்தலும் அன்பர்கள் அறிந்தனவே. புகை கண்டு தீயுண்மை துணிதலைப் பன்னூறு முறை பாடஞ் சொன்னேன். புகையின்மை கண்டு ஒருவர் வந்து சொல்லியபொழுது, அதனை ஏதுவென உணர்ந்தேனில்லை. உரையளவைக்கு உரியார், பொருளை அணுகியறிந்து உள்ளவாறு கூறுவோர். வண்டியை நாடோறும் தொட்டறிந்தவர் அவர். அவர் கல்வியை அளந்தேன், சொல்லை அளந்திலேன்.

அவர் இல்லத்திற்குச் சென்று, “தம்பி, நீ சொன்னதே மெய். பழி என்னுடையது” என்றேன். அவர் எழுந்து நின்று, “அது கிடக்கட்டும் ஐயா, பெரியம்மா எப்படி இருக்கிறார்கள்?” என்று கேட்டார். அதற்கு மேல் ஒன்றுங் கூறினாரல்லர். மறு திங்கள் முதல் அவரே வண்டி ஓட்டி வருகின்றார்.

குறிப்பேடு இன்னும் என் மேசைமேல் உளது. அதன் முதற்பக்கத்தில், அவர் குற்றத்தை நிறுவுதற்பொருட்டு எழுதத் தொடங்கியதாக யான் வரைந்த வரி அவ்வாறே இருக்கின்றது; அதனை அடித்திலேன்.