நெஞ்சு ஏறி இறங்குதே, ஹஜ்ரத்

சில ஆண்டுகளுக்கு முன், நம் மதரஸாவில் ஓதும் சிறுவன் ஒருவனின் தந்தை இருசக்கர வாகன விபத்தில் தலையில் அடிபட்டார். மூன்றாம் நாள், செவ்வாயன்று, அவருடைய மூளைத்தண்டு இறந்துவிட்டதாக மருத்துவர்கள் அறிவித்தனர். அவருடைய அண்ணன் நம் கையைப் பற்றிக்கொண்டார். "நெஞ்சு ஏறி இறங்குதே, ஹஜ்ரத். உடம்பு சூடா இருக்கு. எப்படி மவ்த்துன்னு சொல்றது?"

நம்மிடம் பதில் இல்லை. ஜனாஸாவின் சட்டங்களை ஆண்டுதோறும் பாடம் நடத்துகிறோம்; மூளைத்தண்டு எங்கிருக்கிறது என்பதைக்கூட நாம் அறிந்திருக்கவில்லை.

மருத்துவர் ஒருவர் பொறுமையாகத் தாளில் வரைந்து காட்டினார். பெருமூளையைத் தண்டுவடத்தோடு இணைக்கும், விரல் நீளமே உள்ள ஒரு காம்பு. மேலே நடுமூளை, இடையில் பான்ஸ், கீழே முகுளம். விழிப்பு, கண்பாவை சுருங்குவது, விழுங்குவது, இருமுவது யாவும் இதனைச் சார்ந்தவை. மூச்சின் தாளம் முகுளத்திலிருந்து எழுகிறது. துஆ ஓதிக் கண்மூடுகிறோம். விடியும்வரை நாம் எண்ணாத மூச்சுகளையெல்லாம் அல்லாஹ் இச்சிறு காம்பின் வழியே நடத்துகிறான். சுப்ஹானல்லாஹ்!

இதயமோ தன் துடிப்பைத் தானே எழுப்பிக்கொள்வது. பிராணவாயு கிடைத்தால், மூளைத்தண்டு இறந்தபின்னும் சிறிது காலம் துடிக்கும். அந்த நெஞ்சை ஏற்றி இறக்கியது வென்டிலேட்டர். இது கோமா அன்று; கோமாவிலிருந்து மீண்டோர் உண்டு. கண்ணில் ஒளி பாய்ச்சியும், காதில் பனிநீர் விட்டும், கருவியைச் சற்றே விலக்கி மூச்சு எழுகிறதா எனக் கவனித்தும் சோதிக்கிறார்கள். 1994ஆம் ஆண்டின் உறுப்புமாற்றுச் சட்டப்படி நான்கு மருத்துவர்கள், 6 மணி நேர இடைவெளியில், இருமுறை சோதித்தே சான்றளிக்க வேண்டும்.

உலமாக்களிடையே இதில் கருத்து வேறுபாடு உண்டு. 1986இல் அம்மானில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, மூளை முற்றிலும் செயலிழந்து மீளாது என மருத்துவர்கள் உறுதிசெய்தால் அதுவும் மவ்த்தே என்றது. மறு ஆண்டு மக்காவில் கூடிய ஃபிக்ஹ் சபை, கருவியை அகற்றலாம். ஆயினும் மூச்சும் இதயமும் நின்ற பின்னரே மவ்த்தாகக் கொள்ள வேண்டும் என்றது. இரண்டையும் அக்குடும்பத்தார் முன் வைத்தோம். அவர்கள் முடிவெடுக்குமுன்னரே, புதனன்று லுஹருக்குப் பின், கருவி இயங்கிக்கொண்டிருக்கும்போதே இதயம் நின்றது.

மூன்றாம் நாள் அச்சிறுவன் தன் தாயின் கேள்வியோடு வந்தான்: "உஸ்தாத், அம்மாவுக்கு இத்தா செவ்வாயிலேர்ந்தா, புதன்லேர்ந்தா?"

பேணுதல் கருதிப் புதன் என்றோம்.