ஒரு மணி நேரம் பேச ஒரு பொறியாளர் வேண்டும்



‘எதிர்காலத்தில் நான்’ என்னும் தலைப்பில் ஆறாம் ஆண்டு மாணவர்களைக் கட்டுரை எழுதச் சொன்னால், மருத்துவர், ஆசிரியர், பொறியாளர் என்னும் மூன்றும் தவறாமல் வந்துவிடும். மருத்துவரைப் பிள்ளைகள் மருந்தகத்தில் கண்டிருக்கிறார்கள். ஆசிரியர் கண்ணெதிரே நிற்கிறார். பொறியாளரைப் பற்றி எழுதும் பிள்ளைதான் ‘பெரிய பாலங்கள் கட்டுவேன்’ என்ற ஒரே வரியோடு நின்றுவிடும். அடுத்த வரிக்கு அதனிடம் செய்தி இல்லை.

பத்தாண்டுகள் கழித்து அதே பிள்ளை பல்கலைக்கழகத்தில் பொறியியல் மூன்றாம் ஆண்டு பயிலும்போதும் நிலைமை பெரிதாக மாறியிருப்பதில்லை. வெப்ப இயக்கவியல் தெரியும், கணிதம் தெரியும். ஆனால், காலை எட்டு மணிக்கு ஒரு பொறியாளர் எங்கே போய் நிற்கிறார், யாரோடு பேசுகிறார், எதற்காகக் கையொப்பம் இடுகிறார் என்பது தெரியாது. தந்தையோ மாமனோ பொறியாளராக இருக்கும் வீட்டில் இவையெல்லாம் சாப்பாட்டு மேசையிலேயே காதில் விழுந்துவிடும். தோட்டத்திலிருந்து பட்டணத்திற்கு வந்து சரக்குந்து ஓட்டிப் பிழைக்கும் குடும்பத்துப் பிள்ளைக்கு அதைச் சொல்ல யார் இருக்கிறார்கள்?

கடந்த ஆண்டு, என் பழைய மாணவி ஒருத்தியின் அழைப்பை ஏற்று ஒரு சந்திப்புக்குச் சென்றிருந்தேன். இயந்திரப் பொறியியல் பயிலும் அவளும் நண்பர்களும் சேர்ந்து, தொழில்துறையில் பணியாற்றும் மூன்று பொறியாளர்களை வரவழைத்திருந்தார்கள். ஏறக்குறைய நாற்பது மாணவர்கள் வந்திருந்தனர். மேடையலங்காரமோ மாலை மரியாதையோ இல்லை. நான் கடைசி வரிசையில் அமர்ந்து குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன்.

முதலில் பேசியவர் கட்டுமானப் பொறியாளரான ஓர் அம்மையார். தொழிலின் பெருமையை அவர் பேசவில்லை. 1993 டிசம்பர் 11ஆம் நாள் உலு கிள்ளானில் சரிந்த ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடியைப் பற்றிப் பேசினார். தொடர்மழைக்குப் பின் பின்புறக் குன்று சரிந்ததையும், 12 மாடிக் கட்டடம் ஒன்று சாய்ந்து 48 உயிர்கள் மாண்டதையும் விளக்கினார். குன்றின் நீர் வடிய முறையான வழி இல்லாமற்போனது எத்துணைப் பெரிய குறை என்பதை வெண்பலகையில் வரைந்து காட்டினார். 2000ஆம் ஆண்டில் உயர்நீதிமன்றம் பொறுப்பாளிகளாகக் கண்டவர்களுள் ஒரு பொறியாளரும் இருந்தார் என்று அவர் சொன்னபோது அறை அமைதியானது. “நீங்கள் இடப்போகும் கையொப்பத்தின் எடை இதுதான்” என்றார்.

அதன் பிறகே பதவிப் படிகளைச் சொன்னார். பட்டம் பெற்றதும் ஒருவர் முழுப் பொறியாளர் ஆகிவிடுவதில்லை. 1967ஆம் ஆண்டுப் பொறியாளர் பதிவுச் சட்டத்தின்படி, மலேசியப் பொறியாளர் வாரியத்தில் முதலில் பட்டதாரிப் பொறியாளராகப் பதிந்துகொள்ள வேண்டும். குறைந்தது மூன்றாண்டு அனுபவம் பெற்று, மதிப்பீட்டுத் தேர்விலும் தேறினால்தான் தொழில்முறைப் பொறியாளராகிப் பெயருக்கு முன் ‘ஐ.ஆர்.’ என்று இட்டுக்கொள்ளலாம். வரைபடங்களை அதிகாரத்தரப்பிடம் தம் பொறுப்பில் ஒப்படைக்க, 2015ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின்படி தனியே ஒரு தொழிற்சான்றிதழும் வேண்டும். முதலாண்டிலிருந்தே செய்த வேலைகளைக் குறித்து வைக்காதவர்கள் மதிப்பீட்டின்போது திண்டாடுவதைத் தாம் கண்டிருப்பதாகவும் சொன்னார். நாற்பது பேரில் பலர் அப்போதுதான் எழுதுகோலை எடுத்தனர்.

இரண்டாமவர் பினாங்கு பாயான் லெப்பாசில் மின்னணுத் தொழிற்சாலையொன்றில் பணியாற்றுபவர். 1972ஆம் ஆண்டில் அங்குத் தடையற்ற தொழிற்பேட்டை தொடங்கிய காலத்தில் பன்னாட்டு நிறுவனங்கள் வந்தன. சில்லுகளைப் பொருத்திச் சோதிக்கும் வேலை அன்று தொடங்கி இன்றுவரை நடக்கிறது. தலைமுடியினும் மெல்லிய கம்பியால் சில்லை இணைப்பதை அவர் விவரித்தது சுவையாக இருந்தது. ஆயினும் அவர் வலியுறுத்தியது வேறு. தேறும் சில்லுகளின் விழுக்காடு ஓரிரவில் குறைந்துவிட்டால், எந்த இயந்திரம், எந்த வேளை, எந்த மூலப்பொருள் எனத் தேடிக் கண்டுபிடித்து, அதை இரண்டு பக்கத்தில் தெளிவாக எழுத வேண்டும். “என் வேலையில் பாதி, எழுதுவதும் விளக்குவதும்தான்” என்றார். மொழியாசிரியனாகிய எனக்கு உள்ளூர மகிழ்ச்சி. கட்டுரைப் பயிற்சி எதற்கு என்று கேட்கும் பிள்ளைகளுக்கு இனி நல்ல விடை கிடைத்துவிட்டது!

மூன்றாமவர் செம்பனை ஆலைப் பொறியாளர். ஐம்பது வயதைக் கடந்தவர். அவருடைய தந்தை தோட்டத்தில் குலை வெட்டியவர். வெட்டிய குலையை ஏறத்தாழ 24 மணி நேரத்திற்குள் ஆலைக்குக் கொண்டுவந்து நீராவியில் அவித்துவிட வேண்டும். தாமதித்தால் எண்ணெயில் கொழுப்பு அமிலம் கூடித் தரம் கெடும். பிழிந்தபின் எஞ்சும் நாரும் ஓடும் கொதிகலனுக்கு எரிபொருளாகின்றன. அந்த நீராவியே மின்சாரமும் தருகிறது. “குலையின் அருமை என் தகப்பனாருக்குத் தெரியும். அதற்குள்ளே நடக்கும் அறிவியலை நான் படித்தேன். இருவரும் ஒரே தொழில்தான் செய்தோம்” என்றார் அவர்.

கேள்வி நேரத்தில் என் மாணவி எழுந்தாள். அவளது படிப்பில் குறைந்தது 8 வாரத் தொழிற்பயிற்சி கட்டாயம். வீட்டுக்கு அருகில் ஓர் அலுவலகத்தில் இடம் உண்டு; தொலைவில் ஓர் ஆலையிலும் இடம் உண்டு. தந்தை அருகிலேயே இருக்கச் சொல்கிறார். எதைத் தெரிவு செய்வது?

ஆலைக்கு வா என்று அவர் உடனே சொல்லிவிடவில்லை. இரண்டு இடங்களிலும் மூன்று கேள்விகள் கேட்கச் சொன்னார். எந்தப் பொறியாளரின் கீழ் நான் இருப்பேன்? எந்த இயந்திரத்தை அல்லது பணியை என் பொறுப்பில் கற்றுக்கொள்வேன்? கடைசி நாளில் என்ன செய்து காட்ட வேண்டும்? “விடை சொல்லத் தெரியாத இடத்தில் உனக்குப் படிநகல் எடுக்கும் வேலைதான் கிடைக்கும்” என்றார். தங்குமிடம், போக்குவரத்து, பாதுகாப்புப் பயிற்சி ஆகியவற்றையும் கேட்கச் சொன்னார்.

அவள் கேட்டாள். அலுவலகத்திலிருந்து ‘வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்று மறுமொழி வந்தது. ஆலையிலிருந்து, கொதிகலன் பராமரிப்புப் பிரிவு என்றும் பொறுப்பாளர் இன்னார் என்றும் வந்தது. ஆனால், தந்தை இசையவில்லை. ஒருநாள் மாலை அவர் என்னைத் தேடி வந்தார். “பொம்பளப் பிள்ள ராத்திரியில ஆலைக்குள்ள நிக்கணுமாங்கய்யா?” என்று கேட்டார். அஃது அறியாமையால் எழுந்த கேள்வி அன்று, பெற்றவரின் கவலை. அதற்கு விடை சொல்லும் தகுதி எனக்கில்லை. எனவே, அந்தப் பொறியாளரின் இசைவைப் பெற்று இருவரையும் தொலைபேசியில் பேச வைத்தேன்.

அரைமணி நேரம் பேசினார்கள். பாதிப் பேச்சு தோட்டத்தைப் பற்றியது. மீதிப் பேச்சில் வேலை நேரம், தங்குமிடம், ஆலையில் பணிபுரியும் பெண்கள் எல்லாம் வந்தன. தொலைபேசியை வைத்தபின் தந்தை, “நம்ம ஆளு ஒருத்தர் அங்க இத்தனை வருசமா இருக்காருன்னு யாரும் சொல்லலையே ஐயா” என்றார். பயிற்சி தொடங்கிய நாளில் அவரே மகளை ஏற்றிக்கொண்டு ஆலை வாசலில் விட்டுவந்தார்.

அவருடைய ஆதங்கம்தான் என்னை இதை எழுதத் தூண்டியது. நம்மிடையே பொறியாளர்கள் இல்லாமலில்லை. நம் பிள்ளைகள் அவர்களைக் கண்டதில்லை. பல்கலைக்கழகத்தின் தொழில் வழிகாட்டி நாள்களில் நிறுவனங்கள் துண்டறிக்கை தருகின்றன. அவற்றில் சம்பளமும் சலுகையும் இருக்கும். கையொப்பத்தின் எடையும், பயிற்சிக்குமுன் கேட்க வேண்டிய மூன்று கேள்விகளும், ஒரு தந்தையின் அச்சத்திற்கு விடையும் இரா. அவற்றை வேலை செய்பவர்தாம் சொல்ல முடியும்.

இதைப் படிக்கும் பொறியாளர் அன்பர்களே! ஆண்டுக்கு ஒருமுறை, நீங்கள் பயின்ற பல்கலைக்கழகத்திற்கோ பள்ளிக்கோ ஒரு மணி நேரம் செல்லுங்கள். சாதனைப் பட்டியல் வேண்டா. நேற்று உங்கள் வேலையில் என்ன பழுதானது, அதை எப்படிச் சரிசெய்தீர்கள் என்று சொன்னாலே போதும். மாணவர்களே, அவர்கள் வரட்டும் எனக் காத்திராமல் நீங்களே அழையுங்கள். என் மாணவியும் நண்பர்களும் அழைத்த மூவரும் மறுக்காமல் வந்தார்கள்.

எங்கள் பள்ளியின் ஆறாம் ஆண்டு வகுப்புக்கும் அந்த ஆலைப் பொறியாளரை அழைத்திருக்கிறேன். ஒரு செம்பனைக் குலையோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.