கேட்கத் தயங்கிய கேள்வி

ஹதீஸ் பாடத்தில் ஓர் இடத்தை நாம் பல்லாண்டுகளாக விரைந்து கடந்து வந்திருக்கிறோம். ஹஸ்ரத் அலீ (ரலி) அவர்கள் ஆண்களின் உடலைப் பற்றிய ஒரு சட்டத்தை அறிய விரும்பினார்கள். நபி (ஸல்) அவர்களின் மகளார் தம் துணைவியாராக இருந்தமையால் நேரில் கேட்க நாணி, மிக்தாத் (ரலி) அவர்களைக் கேட்கச் சொன்னார்கள். பிள்ளைகள் சிரிப்பை அடக்குவார்கள். நாமும் பக்கத்தைப் புரட்டிவிடுவோம்.

நம்மிடம் அப்படி ஓதிய மாணவர் ஒருவர் சென்ற ஆண்டு வந்தார். கல்வராயன் மலையிலிருந்து இறங்கும் கடுக்காயையும் புளியையும் கள்ளக்குறிச்சியில் விற்பவர், ஐம்பதை நெருங்கியவர். அஸர் தொழுகைக்குப் பின், "ஹஜ்ரத், என் கூட்டாளி ஒருத்தருக்கு..." என்று தொடங்கினார். கூட்டாளி யாரென்பது சற்று நேரத்தில் விளங்கிவிட்டது. ஆணுறுப்பு ஒருபுறமாக வளைந்து வலிக்கிறது. பல மாதங்களாகத் தனியறையில் படுக்கிறார். காரணம் அறியாத மனைவி, தலாக் சொல்லிவிடுவாரோ என்று அழுகிறார். இதனிடையே, பேருந்து நிலையச் சுவரொட்டியை நம்பி, விடுதி அறையில் அமர்ந்திருந்த 'வைத்தியர்' ஒருவரிடம் லேகியம் வாங்க வளையல்களை அடகு வைத்தாயிற்று. இத்தகைய விளம்பரங்களை 1954ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்திருக்கிறது. சுவர்களுக்கு அது எட்டவில்லை போலும்!

இது பாவத்தின் தண்டனையா என்பதே அவர் கேள்வி. பக்கத்தைப் புரட்டிய நமக்கும் அதில் பங்குண்டு என்று தோன்றியது.

தண்டனையன்று, நோய். இப்னு ஸீனா தம் 'கானூன்' மூன்றாம் நூலில் ஆணுறுப்பின் நோய்களுக்கெனத் தனிப் பகுதியே வகுத்தார். 1743இல் பிரெஞ்சு அறுவை மருத்துவர் பெய்ரோனி இவ்வளைவை விவரித்தமையால் இன்று அது அவர் பெயரால் வழங்குகிறது. உறுப்பினுள் விரிந்து கொடுக்கும் உறையில் தழும்பு தடித்துப்போகிறது. தழும்பு நீளாது, ஆகவே விறைக்கும்போது அப்பக்கமாக வளைகிறது. இது புற்றுநோயன்று, தொற்றுவதுமன்று. நீரிழிவு உள்ளவர்களிடம் மிகுதியாகக் காணப்படும். தொடக்க மாதங்களில் வலி இருக்கும், வளைவும் மாறும்; அது நிலைத்த பின்னரே அறுவைப் பேச்சு. இல்லறத்துக்குத் தடையில்லாத சிறு வளைவுக்குச் சிகிச்சையே தேவையில்லை. பிறவியிலேயே சற்று வளைந்திருப்போரும் உண்டு. விறைப்புக் குறைவும் சேர்ந்திருந்தால், அது இதய நோயின் முன்னறிவிப்பாகவும் இருக்கக் கூடுமாதலால், நாணத்தைக் காரணம் காட்டி இருந்துவிடலாகாது.

சிறுவங்கூரில் 2022இல் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அவரை அழைத்துச் சென்றோம். சர்க்கரை நோய் இருப்பது அன்றுதான் தெரிந்தது. லேகியத்தை நிறுத்தச் சொன்ன மருத்துவர், வளைவு நிலைக்கும் வரை பொறுத்திருக்கும்படியும் கூறினார்.

மனைவியிடம் சொல்வதுதான் அவருக்கு மலையாக நின்றது. நம் வீட்டாரை மிக்தாதாக அனுப்பினோம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அந்த அம்மையார் சொன்னாராம்: "நோயின்னா நோயின்னு சொல்லக் கூடாதா? அடகுக்குப் போன வளையல் என்னுதுல்ல!"