பன்னிரண்டாம் வரி

நான் எழுதிய முன்னுரை ஒன்றில் ஒரு பத்தி பொய். தெரிந்து சொன்ன பொய் அல்ல என்பது ஒரு சமாதானம் ஆகாது.

2010-ல் இறந்துபோன நண்பரின் கவிதைகளை அடுத்த வருஷம் ஒரு சிறு தொகுப்பாகக் கொண்டுவந்தோம். காகிதச் செலவை உத்தேசித்துக் கவிதைக்கு ஒரு பக்கம் என்றில்லாமல் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடர்ந்து அச்சிட்டோம். நண்பர் நான்கு நான்கு வரிகளாகவே எழுதுகிறவர். இது ஒரு பழக்கமாகவே அவரிடம் இறுகிப்போயிற்று என்று உயிரோடிருக்கும்போது நானே அவரிடம் சண்டை போட்டிருக்கிறேன். ஆனால் தொகுப்பில், அவருடைய கடைசி மாதங்களைச் சேர்ந்த ஒரு கவிதை வேறு மாதிரி இருந்தது. பக்கத்தின் அடியில் ஏழு வரிகள் இடைவெளியில்லாமல். பக்கத்தைத் திருப்பினால் நான்கு வரிகள். பிறகு ஒரு இடைவெளி. பன்னிரண்டாவது வரி தனியாக நிற்கிறது. மரணத்தின் அருகாமையில் கவிஞன் தன் உருவத்தைத் தானே உடைத்துக்கொண்ட கணம் இது என்று முன்னுரையில் ஒன்றரைப் பக்கம் எழுதினேன். நண்பர்கள் பாராட்டினார்கள். இளம் கவிஞர் ஒருவர் அந்தத் தனி வரியிலிருந்துதான் இடைவெளி என்றால் என்னவென்று கற்றுக்கொண்டதாகச் சொன்னார்.

அந்த இடைவெளியைப் போட்டது கவிஞன் அல்ல. என் எடிட்டர்.

எடிட்டர் என்றால் நம் வட்டத்தில் ஒரு மனிதர், பெரும்பாலும் கடன்காரர். நான் சொல்வது ஈமாக்ஸ் என்ற கம்ப்யூட்டர் புரோகிராமை. 1976-ல் எம்.ஐ.டி.யின் செயற்கை அறிவுக் கூடத்தில் உருவானது. இன்று புழங்குகிற குனு ஈமாக்ஸை ரிச்சர்ட் ஸ்டால்மன் 1984-ல் எழுதத் தொடங்கினார். இதன் விசேஷம், உபயோகிக்கிறவன் லிஸ்ப் மொழியில் நாலு வரி எழுதி அதன் நடத்தையையே மாற்றிக்கொள்ளலாம் என்பது. நானும் எழுதியிருந்தேன். நாலு வரிக்கு ஒரு இடைவெளி விடும் துணுக்கு ஒன்று. கவிதை பக்கம் தாண்டும்போது வரிகளைப் பிரித்துக் கொடுக்கும் துணுக்கு ஒன்று. இரண்டுக்கும் இடையே மூன்று வருஷம். தனித்தனியே இரண்டும் சரி.

நடந்தது என்னவென்று விளக்க என் வீட்டுச் சங்கதி ஒன்றைச் சொல்ல வேண்டும். அப்பாவை நாங்கள் அண்ணா என்றுதான் கூப்பிட்டோம். கூட்டுக் குடும்பம், சித்தப்பாக்களும் அத்தைகளும் கூப்பிட்டதைக் கேட்டு நாக்கில் ஒட்டிக்கொண்டது. பள்ளிக்கூடத்து நாட்களில் ஒருமுறை, 'சாவியை அண்ணாவிடம் கொடுக்கவும்' என்று சீட்டெழுதிச் சாவியோடு பக்கத்து வீட்டில் போட்டுவிட்டு விளையாடப் போய்விட்டேன். பக்கத்து வீட்டில் அண்ணா என்றால் அவர்களுடைய மூத்த பையன். அவன் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு சினிமாவுக்குப் போய்விட்டான். அப்பா இரவு வரை திண்ணையில் உட்கார்ந்திருந்தார்.

சீட்டிலிருந்த அண்ணா யார்? எழுதிய வீட்டு அண்ணாவா, படித்த வீட்டு அண்ணாவா? சொல் எழுதப்பட்ட இடத்தின் அர்த்தத்தைத் தன்னோடு சுமந்துபோவதை லெக்ஸிகல் ஸ்கோப் என்கிறார்கள். அழைக்கிறவன் வீட்டில் அந்தக் கணத்தில் என்ன அர்த்தமோ அதை எடுத்துக்கொள்வது டைனமிக் ஸ்கோப். ஈமாக்ஸின் லிஸ்ப் அன்று முழுக்க இரண்டாவது வகை. என் முதல் துணுக்கில் 'அளவு' என்று ஒரு பெயர். அதன் மதிப்பு நான்கு. பக்கம் பிரிக்கிற துணுக்கிலும், வேறு பெயர் தோன்றாத சோம்பலில், 'அளவு' என்றே வைத்திருந்தேன். அங்கே அது பக்கத்தில் மீதமுள்ள வரிகளின் எண்ணிக்கை. பக்கம் தாண்டும் கவிதைகளில் மட்டும் இரண்டாவது துணுக்கு முதலாவதைத் தன் வீட்டுக்குள் அழைத்தது. அழைக்கப்பட்டது அளவு என்னவென்று பார்த்தது. ஏழு. ஏழு வரிக்குப் பிறகு இடைவெளி. அடுத்த பக்கத்தில் அளவு மறுபடியும் நான்கு ஆயிற்று. நான்கு வரி, இடைவெளி, மிச்சம் ஒன்று.

பக்கம் தாண்டிய கவிதைகள் இன்னும் இரண்டு இருந்தன. ஒன்றில் மீதம் நான்கே வரி, தற்செயலாகச் சரியாகிவிட்டது. மற்றதில் எட்டு, ஒரு இடைவெளி காணாமல் போயிற்று. அதை யாரும் கவனிக்கவில்லை, ஒன்றரைப் பக்கம் எழுதிய நானும்தான்.

லிஸ்ப்பின் ஆரம்பத்திலேயே இந்தச் சிக்கல் இருந்தது. ஜான் மெக்கார்த்தி தன் மொழியின் சரித்திரத்தைப் பிற்பாடு எழுதியபோது, ஆரம்ப நாட்களில் ஒருவர் இதைக் கண்டுபிடித்துச் சொன்னதாகவும், வெறும் பிழை, திருத்திவிடலாம் என்று தான் நினைத்ததாகவும் ஒப்புக்கொள்கிறார். 1975-ல் வந்த ஸ்கீம் மொழி எழுதிய இடத்தின் பக்கம் நின்றது. ஸ்டால்மனோ 1981-ல் எழுதிய கட்டுரையில், விஸ்தரிக்கக்கூடிய ஒரு எடிட்டருக்கு அழைக்கிறவனின் அர்த்தமே வேண்டும் என்று வாதிட்டார். ஆசிரியன் முன்கூட்டி யோசித்து வாசல் வைக்காத இடத்திலும் பின்னால் வருகிறவன் நுழைந்து ஒன்றை மாற்ற முடிய வேண்டும். இதை நான் அசட்டை செய்ய மாட்டேன். விமர்சனத்தில் முப்பது வருஷமாக நான் சொல்லிவந்ததும் கிட்டத்தட்ட இதுதான். பிரதி வாசிக்கிற காலத்தின் அர்த்தத்தை எடுத்துக்கொள்கிறது, எழுதியவன் வீட்டு அண்ணாவைத் தேடிப் போகாதீர்கள் என்று கூட்டங்களில் பேசியிருக்கிறேன்.

2012-ல் ஈமாக்ஸின் இருபத்துநான்காம் பதிப்பு வந்தபோது, கோப்பின் முதல் வரியில் ஒரு குறிப்பு எழுதினால் எழுதிய இடத்தின் அர்த்தமே செல்லும் என்றாயிற்று. எழுதாத கோப்புகள் பழையபடி. 2019-ல் இரண்டாம் பதிப்புக்காக என் துணுக்குகளைத் தூசி தட்டியபோது, ஒழுங்குக்காக அந்த வரியைச் சேர்த்தேன். உடனே பக்கங்களின் நீளம் தவறாயிற்று. பக்க நீளத்தை வெளியிலிருந்து தற்காலிகமாக மாற்றும் ஏற்பாடு, அழைக்கிறவனின் அர்த்தத்தை நம்பி நான் செய்துவைத்திருந்தது. உள்ளே இருந்த துணுக்குக்கு இப்போது என் குரல் கேட்கவில்லை. அது பொதுவில் கிடந்த பழைய எண்ணையே எடுத்துக்கொண்டது. தவறு என்று ஒரு செய்திகூட இல்லை. இந்தப் பெயர் மட்டும் பழைய வழியிலேயே போகட்டும் என்று தனியாக அறிவித்த பிறகுதான் சரியாயிற்று.

கூடவே அந்தக் கவிதையும் மாறியிருந்தது. நான்கு, நான்கு, நான்கு. புது வரி கவிதையைக் கெடுத்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். அரை நாள் திருத்தப் பார்த்தேன். கடைசியில் சந்தேகம் வந்து நண்பரின் மனைவிக்குப் போன் செய்தேன். நோட்டுப் புத்தகத்தை எடுத்துப் பார்த்து, "அவர் எப்பவும் போலத்தான் எழுதியிருக்கார். நாலு நாலா" என்றார். பிறகு, "ஏன் கேக்கறேள்?" என்றார். சொன்னேன். சிறிது நேரம் பேசவில்லை. "அந்தக் கடைசி வரி தனியா இருந்ததைப் பார்த்து நான் அழுதிருக்கேன்" என்றார்.

எழுதிய வீட்டின் அர்த்தத்துக்கு எதிராக நான் பேசியதை எல்லாம் அப்படியே வைத்துக்கொண்டால், ஏழு-நான்கு-ஒன்றை விட்டுவிட எனக்கு உரிமை உண்டு. எட்டு வருஷம் வாசிக்கப்பட்ட உருவம் அதுதான். இரண்டு இரவு இப்படியும் யோசித்தேன். என்னைத் தடுத்தது கொள்கை அல்ல. அவருடைய நான்கு வரிப் பழக்கத்தை அவரிடமே நான் பரிகசித்தது ஞாபகத்துக்கு வந்தது. அவரை மாற்ற என்னால் முடியவில்லை. செத்த பிறகு மாற்றிவிட்டு, மாற்றத்தைப் பாராட்டியும் எழுதியிருக்கிறேன்.

இரண்டாம் பதிப்பில் கவிதை நான்கு நான்காகவே வந்தது. முன்னுரையில் அந்த ஒன்றரைப் பக்கத்தை எடுத்துவிட்டேன், காரணம் சொல்லாமல். சொல்லாதது தவறு, அதற்காகத்தான் இது. போன மாதம் ஒரு கூட்டத்தில் அந்தக் கவிதையை வாசிக்கச் சொன்னார்கள். கையில் இருந்தது இரண்டாம் பதிப்பு. பதினோராவது வரி முடிந்ததும் நிறுத்திவிட்டேன். முன் வரிசையிலிருந்த ஒருவர் கவிதை முடிந்துவிட்டதென்று கைதட்ட ஆரம்பித்தார்.