வீட்டுச் சண்டையும் பிள்ளைகளின் காதலும்

பதிவு கொஞ்சம் நீளம். நேரம் இருக்கும்போது பொறுமையாகப் படியுங்கள்.

கல்லூரிக்குப் போகும் வயதில் பிள்ளைகள் இருக்கிற என் பழைய மாணவர்களிடமிருந்து ஒரே மாதிரியான போன் அடிக்கடி வருகிறது. "டீச்சர், பாப்பா யாரையோ விரும்புதுன்னு தெரியுது. நாங்க சொன்னா கேக்க மாட்டேங்குது. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க." நான் பதிலுக்கு ஒரு கேள்வி கேட்பேன். "வீட்டுல உங்க ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை எப்படிப்பா இருக்கு?" கொஞ்ச நேரம் பதில் வராது. பிறகு, "அதுக்கும் இதுக்கும் என்னங்க டீச்சர் சம்பந்தம்?" என்பார்கள். சம்பந்தம் இருக்கிறது. அதைத்தான் எழுதுகிறேன்.

பெரம்பலூர், அரியலூர் பக்கத்துக் கிராமங்களில் முப்பது வருஷத்துக்கு மேல் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தவள் நான். முதல் நாள் ராத்திரி வீட்டில் என்ன நடந்தது என்பது காலையில் வகுப்பில் தெரிந்துவிடும். டஸ்டர் கீழே விழுந்த சத்தத்துக்கே தூக்கிவாரிப் போடுகிற பிள்ளை இருக்கும். பக்கத்தில் இரண்டு பேர் சண்டை போட்டால் ஓடிப்போய்ச் சமாதானம் செய்கிற எட்டு வயதுப் பெரிய மனுஷி இருப்பாள். எதற்கெடுத்தாலும் கை ஓங்குகிற பையன் இருப்பான். மூன்றுமே வீட்டில் கற்றுக்கொண்ட பாடம்.

இன்னொரு வகையும் உண்டு, தூது போகிற பிள்ளை. அப்பாவும் அம்மாவும் ஒரே வீட்டில் இருந்துகொண்டு மாதக்கணக்கில் பேசிக்கொள்ள மாட்டார்கள். "சோறு ஆயிடுச்சுன்னு உங்கப்பாகிட்ட சொல்லு." "வேணாம்னு உங்கம்மாகிட்ட சொல்லு." நான் வளர்ந்த வீட்டிலும் இது நடந்தது. எங்கள் வீட்டில் தூது நான்தான். என் தம்பி சம்மதத்தோடு ஒன்று சொல்கிறேன். கல்யாணமான புதிதில் அவனுக்குக் கோபம் வந்தால் நாலு நாள் வாய் திறக்க மாட்டான். அப்பாவிடம் பார்த்தது அதுதான், வேறு வழி அவனுக்குத் தெரியாது. அதை மாற்றியது அவன் மனைவி. "கோவம்னா கத்திடுங்க. பேசாம மட்டும் இருக்காதீங்க, எனக்கு அது தாங்காது" என்று நேருக்கு நேராகச் சொல்லிவிட்டாள். மாற வருஷங்கள் ஆயின. ஆனால் மாறினான்.

ஆசிரியர் பயிற்சியில் குழந்தை உளவியல் படித்தவர்களுக்கு பாண்டுரா பெயர் நினைவிருக்கும். 1961-இல் வெளிவந்த அவருடைய சோதனையில், பெரியவர் ஒருவர் பொம்மையை அடிப்பதைப் பார்த்த குழந்தைகள், தனியே விட்டபோது அதே பொம்மையை அதே மாதிரி அடித்தார்கள். யாரும் அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. 1987-இல் சிண்டி ஹேசன், பிலிப் ஷேவர் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் இன்னொன்றை எழுதினார்கள். குழந்தை தன்னை வளர்க்கிறவர்களோடு எப்படி ஒட்டியிருக்கிறதோ, அதே சாயல் பெரியவர்களின் காதலிலும் தெரிகிறது என்பது அவர்கள் சொன்னது. சிலர் நம்பி நெருங்குவார்கள். சிலர் "விட்டுட்டுப் போயிடுவாரோ" என்ற பயத்திலேயே இருப்பார்கள். சிலர் நெருங்கினாலே விலகிப் போவார்கள். நம் ஊர்ப் பிள்ளைகளை யோசித்துப் பாருங்கள், மூன்று பேரும் நமக்குத் தெரிந்தவர்கள்தான்.

அரியலூர் பக்கம் ஒரு முந்திரிக்காட்டு ஊர். பெயர் வேண்டாம். என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த பெண், கெட்டிக்காரி. அப்பாவுக்குக் குடி. தினமும் ராத்திரி பாத்திரம் பறக்கிற வீடு. பதினேழு வயதில் ஒரு பையனோடு போய்விட்டாள். ஊரே "காதல் கண்ணை மறைச்சிடுச்சு" என்றது. பல வருஷம் கழித்து என்னைப் பார்க்க வந்தவள் சொன்னது வேறு. "அவன் மேல பெரிய ஆசைன்னு இல்ல டீச்சர். அவங்க வீட்டுல டீவி சத்தம் மட்டுந்தான் கேக்கும். அங்க இருந்தா நிம்மதியாத் தூங்கலாம்னு தோணுச்சு." அவள் ஓடிப் போனது அவனுக்காக இல்லை, அந்தத் தூக்கத்துக்காக.

பதினேழு வயது என்பதால் அதோடு முடியவில்லை. போக்சோ சட்டம் 2012-இல் வந்தது. அதன்படி 18 வயது நிறையாதவர் "எனக்குச் சம்மதம்" என்று சொன்னாலும் அது சம்மதம் ஆகாது. பெற்றோர் புகார் கொடுத்தால் பையன் மேல் வழக்கு. திருமணம் செய்து வைத்தாலும் தப்ப முடியாது. பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 ஆகாமல் நடப்பது குழந்தைத் திருமணம். 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி நடத்தி வைத்தவர்களுக்கும் இரண்டு வருஷம் வரை சிறை உண்டு. இப்படிப்பட்ட ஒரு வழக்கை 2021 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் ரத்து செய்தது. வளரிளம் பருவத்துக் காதலைத் தண்டிப்பது இந்தச் சட்டத்தின் நோக்கம் அல்ல என்றும் சொன்னது. 2022 டிசம்பரில், இந்த மாதிரி வழக்குகளில் அவசரப்பட்டுக் கைது செய்ய வேண்டாம் என்று தமிழகக் காவல்துறையிலும் சுற்றறிக்கை போட்டார்கள். ஆனாலும் சட்டம் அப்படியேதான் இருக்கிறது. நீதிமன்றம் விடுவிப்பதற்குள் பையனின் வேலை போய்விடும், பெண்ணின் படிப்பு போய்விடும். பாத்திரம் பறந்த வீட்டின் கணக்கை இரண்டு பிள்ளைகள் கட்டுகிறார்கள்.

இனி சொத்துச் சண்டை. நம் பக்கத்தில் அத்தை மகன், மாமன் மகள் முறை இன்னும் இருக்கிறது. சின்ன வயதிலிருந்து "உனக்குத்தான் அவ" என்று பெரியவர்களே கேலி பேசி ஆசையை வளர்ப்பார்கள். தமிழ்நாட்டில் 1989-இலும், நாடு முழுவதும் 2005-இலும் சட்டம் திருத்தப்பட்டு, பூர்வீகச் சொத்தில் பெண்ணுக்கும் பங்கு உண்டு என்றானது. நல்ல சட்டம், நியாயமான சட்டம். திருச்சி–சென்னை நான்குவழிச் சாலை வந்து நிலத்தின் விலையும் ஏறியது. விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று அக்கா சொன்னால், அன்றோடு தம்பிக்கும் அக்காவுக்கும் பேச்சு அறுந்துவிடுகிறது. கேட்டது அவளுடைய உரிமை, அதில் தப்பே கிடையாது. தப்பு அதற்குப் பிறகு நடக்கிறது. "அந்த வீட்டு வாசல மிதிச்ச, கால ஒடைச்சிடுவேன்" என்று பிள்ளைகளிடம் சொல்வது.

அப்படி ஒரு ஜோடியை எனக்குத் தெரியும். இரண்டு பேரும் என் மாணவர்கள். பெரியவர்கள் முடிச்சுப் போட்டு, பெரியவர்களே அவிழ்த்தார்கள். பையன் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனான். பெண்ணுக்கு வேறு இடத்தில் கல்யாணம் ஆனது. இன்று வழக்கு சமரசமாகி, அக்காவும் தம்பியும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். பையனுக்கு முப்பத்தாறு வயது. பெண் பார்க்கலாம் என்றால், "எல்லாம் பேசி முடிச்ச பிறகு யார் கோவப்படப் போறாங்களோ" என்கிறான். (நெருங்கினாலே விலகிப் போகிறவன் என்று மேலே எழுதினேனே, அவன்தான்.)

"எதிர்த்தாத்தான் காதல் கெட்டிப்படும்" என்று சினிமா பார்த்துச் சொல்கிறோம். 1972-இல் அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வும் அப்படித்தான் சொன்னது; ரோமியோ ஜூலியட் பெயரையே அதற்கு வைத்தார்கள். 2014-இல் வேறு சிலர் அதைத் திரும்பச் செய்து பார்த்தபோது அந்த முடிவு வரவில்லை. சுற்றியிருப்பவர்கள் ஆதரித்தால்தான் அன்பும் நம்பிக்கையும் கூடுகிறது என்று தெரிந்தது. வீட்டை எதிர்த்துக் கட்டிக்கொண்ட பிள்ளைகளுக்கும் சில காலம் கழித்து யாராவது ஒரு பெரியவர் தேவைப்படுகிறார். அந்தக் கதவையும் சாத்திவிட்டால், உள்ளே அடி வாங்கினாலும் "எந்த முகத்தோட அம்மாகிட்ட போவேன்" என்று இருந்துவிடுகிறார்கள்.

சண்டையே போடாதீர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். சோளம் போட்டு மழை ஏமாற்றிய வருஷத்தில், வட்டி கட்ட வேண்டிய மாதத்தில், சண்டை இல்லாத வீடு எது? இதை ஆராய்ந்தவர்கள் சொல்வதும் அதுதான். பெற்றோர் சண்டை போட்டதைவிட, அது தீராமல் கிடப்பதுதான் பிள்ளையின் மனதை அதிகம் அரிக்கிறது. பிள்ளை எதிரில் சண்டை போட்டீர்களா, பிள்ளை எதிரிலேயே சமாதானமும் ஆகுங்கள். நாம் சண்டையை நடுவாசலில் போடுகிறோம், சமாதானத்தை மட்டும் கதவுக்குப் பின்னால் வைத்துக்கொள்கிறோம். பாதிப் பாடம்தான் பிள்ளைக்குப் போய்ச் சேருகிறது.

பெற்றோருக்கு இன்னும் சில வார்த்தைகள். பிள்ளையைத் தூது அனுப்பாதீர்கள். "உங்கப்பன் மாதிரியே இருக்க" என்று சொல்லாதீர்கள். காதல் என்று தெரிந்தால் போனைப் பிடுங்குவதற்கு முன்னால், அந்தப் பையனிடம் என்ன பிடித்தது என்று கேளுங்கள். "நான் சொல்றத அவன் காது குடுத்துக் கேப்பான்" என்று பதில் வந்தால், அது உங்கள் வீட்டைப் பற்றிய பதிலும்தான். படிப்பை மட்டும் நிறுத்தாதீர்கள். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி போகிற பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வருகிறது. இருபத்தொரு வயதில் கையில் பட்டத்தோடு எடுக்கிற முடிவும், பதினேழில் சுவர் ஏறிக் குதித்து எடுக்கிற முடிவும் ஒன்றல்ல.

அடிதடி வீட்டில் இருக்கிற பிள்ளைகளுக்கு: 18 வயதுக்குள் என்றால் 1098, பெண்கள் யாராக இருந்தாலும் 181. இரண்டும் இலவசம். தப்பிப்பதற்காக ஒருவனைக் கட்டிக்கொள்ள வேண்டியதில்லை, தப்பிக்க வேறு வழி இருக்கிறது.

அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்து இன்று குடும்பம் நடத்துகிற என் பிள்ளைகளுக்கு: அது தலையெழுத்து இல்லை. சிமெண்ட் லாரி ஓட்டுகிற என் மாணவன் ஒருவன் இருக்கிறான். அவன் அப்பா கை நீட்டாத நாளே கிடையாது. இவனுக்குக் கோபம் வந்தால் செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப் வரை நடந்துவிட்டு வருவானாம். வந்ததும், "சாப்டியா?" என்பானாம். அதைப் பார்த்து வளர்கிற அவன் மகள், அவளோடு கோபித்துக்கொண்ட தோழியிடமும் மறுநாள் அதையேதான் கேட்கிறாளாம். அவன் மனைவி சொன்னாள்.

யாருக்காவது தனியாகப் பேச வேண்டும் என்றால் இன்பாக்ஸில் எழுதுங்கள். சாயங்காலம் நாலு மணிக்கு மேல் போனும் செய்யலாம், அந்த நேரம் சும்மாதான் இருப்பேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்