பழைய பாணியில் புதுப் பாட்டு: பாராட்டலாமா?



சினிமாவிலும் சரி, தனி ஆல்பங்களிலும் சரி, பழைய பாணியில் பாட்டுப் போடுவது இப்போது ஒரு மோஸ்தராகி விட்டது. கொஞ்சம் அக்கார்டியன், கொஞ்சம் பாங்கோஸ், பின்னால் வயலின் கூட்டம், ஆரம்பத்தில் இசைத்தட்டில் ஊசி உரசுகிற மாதிரி ஒரு கரகரப்பு. 'ரெட்ரோ' என்று அதற்குப் பெயர். பாட்டு வந்த அன்றைக்கே "ஆஹா, அந்தக் காலத்துக்கே போய்விட்டோம்" என்று புகழ்ந்து தள்ளுகிறார்கள். இந்தப் புகழுக்கு இந்தப் பாட்டுகள் தகுதியானவைதானா என்று எங்கள் கூரத்தில் சில மாதங்களாக ஒரு வழக்கு நடந்து வருகிறது.

வாதி, எங்கள் தெருவில் ஐம்பது வருஷம் தறியில் உட்கார்ந்த ஒரு நெசவாளர். பிரதிவாதி, சென்னையில் படிக்கும் என் மகள் வயிற்றுப் பேரன். நான் காஞ்சிபுரத்தில் ஒரு நெசவாளர் கூட்டுறவு சங்கத்தில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன். சங்கீதத்தில் எனக்கு இருப்பது கேள்வி ஞானம் மட்டுமே. அதுவும் தறிச் சத்தத்துக்கு நடுவே இலங்கை வானொலியில் 'பொங்கும் பூம்புனல்' கேட்டு வந்த ஞானம்.

நெசவாளரின் வாதம் சுருக்கமானது. "அண்ணே, பழசு மாதிரியே ஒண்ணு வேணும்னா பழசையே கேட்டுட்டுப் போறேன். இதுக்கு எதுக்குக் கைதட்டல்?"

பேரனின் வாதம்: "தாத்தா, நல்லா இருக்கா இல்லையான்னு மட்டும் பாருங்க. எந்த வருஷம் மாதிரி இருக்குன்னு ஏன் பாக்கறீங்க?"

இரண்டிலும் நியாயம் இருக்கிறது. அதனால்தான் வழக்கு நீள்கிறது.

முதலில் ஒன்றைப் பிரித்து வைத்துவிடுவோம். பழைய பாட்டையே எடுத்துப் படத்தில் வைப்பது வேறு. 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' படத்தில் 'குணா' (1991) பாட்டு வந்ததும், 'லப்பர் பந்து' படத்தில் 'பொன்மனச் செல்வன்' (1989) பாட்டு வந்ததும் அந்த வகை. இரண்டு படமும் 2024இல் வந்தவை. அங்கே புகழ் இளையராஜாவுக்குத்தான் போக வேண்டும், அதில் வழக்கே இல்லை. நாம் பேசுவது, புதிதாக மெட்டுப் போட்டு, புதிதாக எழுதி, பழையது மாதிரி உடுத்தி அனுப்புகிற பாட்டைப் பற்றி.

அந்த வகையில் பேரன் முதலில் நீட்டிய சாட்சி, 1997 பொங்கலுக்கு வந்த 'இருவர்'. மணிரத்னம் படம், ஏ.ஆர்.ரஹ்மான் இசை, வைரமுத்து பாட்டுகள். 1950களில் தொடங்கிப் பல பத்தாண்டுகள் நடக்கிற கதை என்பதால், பாட்டுகளும் காலத்துக்கு ஒன்றாக மாறிக்கொண்டே வரும். 'நறுமுகையே' பாட்டு நாட்டை ராகத்தின் சாயலில், சங்கப் பாடல்களின் வாசனையோடு, பாகவதர் காலத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது. அதைப் பாடிய உன்னிகிருஷ்ணனும் பாம்பே ஜெயஸ்ரீயும் கச்சேரி மேடைக்காரர்கள். 'வெண்ணிலா வெண்ணிலா' பாட்டில் ஆஷா போஸ்லே வந்து அறுபதுகளின் கிளப் டான்ஸ் பாட்டை நினைவுபடுத்துகிறார். படம் அப்போது சரியாக ஓடவில்லை. பாட்டுகள் கிட்டத்தட்ட முப்பது வருஷமாக ஓடிக்கொண்டிருக்கின்றன.

இதில் கவனிக்க வேண்டியது, எந்த ஒரு பழைய பாட்டின் மெட்டும் அங்கே இல்லை என்பதுதான். 'நறுமுகையே'வைக் கேட்டால் 'ஹரிதாஸ்' (1944) காலத்து ஞாபகம் வருகிறதே தவிர, 'ஹரிதாஸ்' பாட்டு எதுவும் ஞாபகம் வருவதில்லை.

இரண்டாவது சாட்சி, 2008இல் வந்த 'சுப்ரமணியபுரம்'. சசிகுமார் இயக்கிய அந்தப் படம் 1980இன் மதுரையில் நடக்கிறது. ஜேம்ஸ் வசந்தனுக்கு இசையமைப்பாளராக அது முதல் படம். தாமரை எழுதிய 'கண்கள் இரண்டால்' பாட்டை நீங்கள் எல்லோரும் கேட்டிருப்பீர்கள். ரீதிகௌளை ராகம். அந்த ராகம் என்றதும் நம் வயதுக்காரர்களுக்கு 'கவிக்குயில்' (1977) படத்தில் பாலமுரளிகிருஷ்ணா பாடிய 'சின்னக் கண்ணன் அழைக்கிறான்' நினைவுக்கு வந்துவிடும். ஆனால் ராகம் யாருடைய பட்டாவும் இல்லை. அதே ராகத்தில் வேறு ஒரு வீடு கட்டியிருக்கிறார், அவ்வளவுதான்.

இவ்வளவையும் கேட்டுவிட்டு நெசவாளர் சொன்னதுதான் எனக்கு யோசனையைக் கொடுத்தது. "நீங்க ரெண்டு நல்ல புடவையைக் காட்டி மொத்தக் கடையையும் விக்கப் பாக்கறீங்க. மீதியை எடுத்துப் போடுங்க."

மீதி என்று பார்த்தால், அவர் கட்சிக்கு மூன்று வலுவான காரணங்கள் இருக்கின்றன.

ஒன்று, நம் பாராட்டில் பாதி நமக்கே போய்ச் சேர்கிறது. ஒரு அக்கார்டியன் இழுப்பைக் கேட்டதும் நமக்குச் சங்கூசாபேட்டைத் தெருவோ, டூரிங் கொட்டகை மணலோ, பதினெட்டு வயசோ ஞாபகம் வருகிறது. அந்த இனிப்பு பாட்டில் இல்லை, நம்மிடம் இருக்கிறது. இசையமைப்பாளர் நம் சாமான்களை வைத்தே நமக்கு விருந்து போடுகிறார்.

இரண்டு, நாம் 'பழசு' என்று சொல்கிறவர்கள் ஒருவரும் பழசு செய்யவில்லை. விஸ்வநாதன் - ராமமூர்த்தி 'புதிய பறவை' (1964) படத்தில் 'பார்த்த ஞாபகம் இல்லையோ' போட்டபோது, அது அன்றைய புத்தம் புதுச் சத்தம். மேல்நாட்டுக் கிளப் இசையைத் தமிழுக்குக் கொண்டுவந்து சுசீலா அம்மா குரலில் உட்கார வைத்தார்கள். 1976இல் 'அன்னக்கிளி' வந்தபோது, வயல்காட்டுப் பாட்டுக்கு வயலின் கூட்டம் வைத்தது புதுமை. அவர்கள் துணிச்சலாக ஒன்றைச் செய்தார்கள். அதன் விளைவை மட்டும் எடுத்துக்கொண்டு, துணிச்சலை விட்டுவிட்டால் அது வாரிசு ஆகுமா?

மூன்று, அந்தக் காலத்துச் சத்தத்துக்கு ஒரு காரணம் இருந்தது. 78 சுழற்சி இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்றரை நிமிஷத்துக்கு மேல் பிடிக்காது, அதனால் பாட்டு கச்சிதமாக இருந்தது. பாடுகிறவரும் வாசிக்கிறவர்களும் ஒன்றாக உட்கார்ந்து ஒரே மூச்சில் பதிவு செய்தார்கள். யாராவது ஒருவர் தப்பினால் மறுபடி முதலிலிருந்து. அந்தப் பயமும் கவனமும் சத்தத்தில் ஏறியது. கரகரப்பு அவர்கள் விரும்பியது இல்லை, போக்க முடியாமல் நின்றது. இன்று சுத்தமாகப் பதிவு செய்துவிட்டு, மேலே கரகரப்பைத் தூவுகிறார்கள்.

இந்த இடத்தில் என் சித்தப்பா மகனைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்கு நாலு வயது இளையவன். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் காஞ்சிபுரம், வாலாஜாபாத், அரக்கோணம் பக்கத்துக் கல்யாணங்களில் மெல்லிசைக் குழுவில் அக்கார்டியன் வாசித்தவன். ஒரு குழுவில் பன்னிரண்டு, பதினைந்து பேர் இருந்த காலம். எண்பதுகளின் கடைசியில் கீபோர்டு வந்தது. அக்கார்டியன், புல்லாங்குழல், வயலின் எல்லாவற்றையும் ஒரே ஆள் ஒரே பெட்டியில் வாசித்துவிட முடிந்தது. பதினைந்து பேர் ஐந்து பேரானார்கள். இவன் அக்கார்டியனை விற்றுவிட்டு ஒரு ஜவுளிக் கடையில் புடவை மடித்துப் போட்டான். பெண் கல்யாணத்துக்குக் கடன் வாங்கினான். அவன் யாரையும் குறை சொன்னதில்லை.

பேரன் போன வருஷம் ஒரு புது 'ரெட்ரோ' ஆல்பத்தை அவனுக்குப் போட்டுக் காட்டினான். பெயர் வேண்டாம். பலர் பாராட்டிய ஆல்பம். இவன் கண்ணை மூடிக் கேட்டான். அக்கார்டியன் வந்த இடத்தில் லேசாகச் சிரித்தான்.

"இது வாசிக்கலப்பா, அழுத்தியிருக்காங்க. அக்கார்டியனுக்குத் துருத்தி இருக்கு. இழுக்கும்போது ஒரு மாதிரி, தள்ளும்போது ஒரு மாதிரி. எங்க மூச்சை மாத்தறதுன்னு பாட்டைப் பாத்து முடிவு பண்ணணும். இது மூச்சே விடல."

பிறகு 'இருவர்' பாட்டுகளைப் போட்டான். அதற்கு அவன் ஒன்றும் சொல்லவில்லை. விரல்கள் மட்டும் முழங்காலில் நகர்ந்தன.

எங்கள் வழக்கில் இதைவிடப் பெரிய சாட்சி வரவில்லை.

பழைய உருவத்தைத் திரும்பச் செய்வதே தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். அப்படிச் சொன்னால் எங்கள் ஊர்க் கோயிலையே பழிக்க வேண்டியிருக்கும். கூரத்தில் ஏழாம் நூற்றாண்டில் முதலாம் பரமேசுவரவர்மன் எடுப்பித்த சிவன் கோயில், பல்லவர் கல்லால் கட்டிய கோயில்களில் மிகப் பழையவற்றில் ஒன்று. அதன் பின்புறம் யானையின் முதுகு போல வளைந்திருக்கும். கல்லுக்கு அந்த வளைவு தேவையில்லை. மரமும் செங்கல்லும் ஓலையும் வைத்துக் கட்டிய காலத்து உருவம் அது. மாமல்லபுரத்தில் திரௌபதி ரதத்தைப் பாருங்கள், ஓலைக் குடிசை அப்படியே கல்லில் நிற்கிறது. அதையும் 'ரெட்ரோ' என்று சொல்லிவிடலாம். யாரும் சொல்வதில்லை. ஏனென்றால் பழைய உருவத்தை ஒரு புதுப் பொருளில், முதலிலிருந்து உழைத்து, மறுபடி கண்டுபிடித்திருக்கிறார்கள். 1986இல் இளையராஜா 'ஹௌ டு நேம் இட்' ஆல்பத்தில் தியாகராஜரையும் பாக்கையும் ஒன்றாக நினைத்து வணங்கியதும் அந்த மாதிரிதான்.

தறிக்காரருக்குப் புரிகிற மாதிரியே சொல்கிறேன். பாட்டி காலத்துக் கரை வேண்டும் என்று இன்றும் ஆட்கள் வருகிறார்கள். எம்.எஸ். அம்மா கட்டிய நீலம்தான் வேண்டும் என்று கேட்டு வருகிறவர்கள் உண்டு. அதை இரண்டு விதமாகச் செய்யலாம். பழைய புடவையை முன்னால் வைத்து, இழை எண்ணி, கட்டம் போட்ட தாளில் வரைந்து, அட்டை குத்தி, மூன்று நாடா ஓட்டி, கரையையும் உடலையும் கோர்வை போட்டு நெய்வது ஒன்று. அதற்குப் பக்கத்தில் கரை நாடா தள்ள இன்னொரு ஆள் வேண்டும். படம் பிடித்துக்கொண்டுபோய் விசைத்தறியில் ஓட்டுவது இன்னொன்று. கடை விளக்கில் இரண்டும் ஒன்றாக மின்னும். இரண்டின் மேலும் 'பாரம்பரியம்' என்றுதான் எழுதியிருக்கும். விவரம் தெரிந்த பெண்மணி புடவையைப் பின்பக்கம் திருப்பிப் பார்ப்பார்.

பாட்டையும் அப்படித்தான் திருப்பிப் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. கரகரப்பையும் உடுப்பையும் எடுத்துவிட்டு, மெட்டை மட்டும் ஒரு ஆள் வெறும் குரலில் பாடினால் நிற்கிறதா? அந்தக் காலத்தைப் பார்க்காத ஒரு பையனுக்குப் பிடிக்கிறதா? யாராவது உட்கார்ந்து மூச்சுப் பிடித்து வாசித்தார்களா? 'கண்கள் இரண்டால்' முதல் இரண்டிலும் தேறிவிடுகிறது. என் பேரன் பிறந்தது 2004இல். அவனுக்கு 1980 என்றால் சரித்திரப் பாடம். அவன் அந்தப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வண்டி துடைக்கிறான். அது ஏக்கத்துக்குப் போடும் மார்க் இல்லை, பாட்டுக்குப் போடும் மார்க்.

இந்த வழக்கு நம் ஊரோடு முடிவதில்லை. அமெரிக்காவில் புரூனோ மார்ஸ் என்ற பாடகரும் ஒரு நண்பரும் சேர்ந்து 2021இல் எழுபதுகளின் பாணியில் ஒரு ஆல்பம் போட்டார்கள். அதன் ஒரு பாட்டு மட்டும் 2022இல் நான்கு கிராமி விருதுகளை வாங்கியது. அவர்கள் ஜோடிக்கு வைத்துக்கொண்ட பெயர் 'சில்க் சோனிக்'. நெசவாளரிடம் இதைச் சொன்னேன். "பேருலயாவது பட்டு இருக்கே" என்றார்.

தீர்ப்பு என்று கேட்டால், பத்தில் இரண்டுக்கு முழுப் பாராட்டு, மீதிக்கு 'கேட்க நன்றாக இருக்கிறது' என்ற அளவுக்கு மேல் வேண்டாம் என்பேன். அந்த இரண்டுக்கும் கொடுக்கிற பாராட்டில் ஒரு பங்கு, அந்தச் சத்தத்தை முதலில் உண்டாக்கிவிட்டுப் பெயர் தெரியாமல் போன வாத்தியக்காரர்களுக்கும் போக வேண்டும். இசைத்தட்டு உறையில் இசையமைப்பாளர் பெயர் இருந்தது, பாடியவர் பெயர் இருந்தது. வாசித்தவர் பெயர் பெரும்பாலும் இல்லை.

இந்த மாசி மாதம், காஞ்சிபுரத்துப் பையன்கள் நாலு பேர் என் சித்தப்பா மகனைத் தேடி வந்தார்கள். கல்யாண வரவேற்புகளில் பழைய பாட்டு வாசிக்கிற கோஷ்டியாம். சொந்தமாகவும் ஒரு ஆல்பம் போடுகிறார்களாம். அக்கார்டியன் ஒன்றை வாடகைக்கு எடுத்து வந்திருந்தார்கள். இவன் அரை மணி நேரம் விரல்களைப் பிசைந்துகொண்டே இருந்தான், பிறகு எடுத்து மடியில் வைத்தான். மூன்று பாட்டுக்கு வாசித்தான், போனில் பதிவு செய்துகொண்டார்கள். நல்லபடியாக ஒரு தொகையும் கொடுத்தார்கள்.

கிளம்பும்போது அவர்களில் மூத்த பையனைக் கூப்பிட்டு, "தம்பி, இதுல என் பேர் வருமா?" என்று கேட்டான்.

"கண்டிப்பா போடறோம் தாத்தா. எழுதிக் குடுங்க" என்றான் பையன்.

காலண்டர் தாளைக் கிழித்து, இனிஷியலோடு, கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுத்தான். ஆல்பம் ஆடிக்குள் வந்துவிடுமாம். நெசவாளரும் கேட்பதாகச் சொல்லியிருக்கிறார்.