திரி வைக்கும் ஓட்டை

கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு வீடு. அதன் வரவேற்பறையில், டிவிக்குப் பக்கத்தில் அந்தப் பீரங்கி படுத்திருந்தது. முழங்கை நீளம்தான், பித்தளை. மலாய்க்காரர்கள் 'லேலா' என்று சொல்லும் வகை. படகின் விளிம்பில் கவட்டையில் பொருத்தி, வேண்டிய பக்கம் திருப்பிச் சுடுவார்கள்.

"எங்க வீட்டுக்காரரு போனதுக்கப்புறம் இதைத் துடைக்க ஆளில்ல தம்பி. இன்டர்நெட்ல போட்டு வித்துக் குடு" என்றார் அந்த வீட்டு அக்கா. கூடவே, "இருநூறு வருசத்துப் பழசு. பேராக் அரண்மனையில இருந்து அவங்க தாத்தாவுக்குக் கெடைச்சது. அதையும் எழுதிடு."

நான் பிரிக்பீல்ட்ஸ்காரன். ஒரு காலத்தில் சனி ஞாயிறுகளில் பெட்டாலிங் ஜெயா அம்கார்ப் மாலில் துணி விரித்துப் பழைய சாமான் விற்றவன். இப்போது பெரும்பாலும் வீட்டிலிருந்தபடியே, முடா இணையத் தளத்தில். குத்துவிளக்கு, அடுக்குக் கேரியர், தோட்டத்துப் பால் மங்கு, சப்பான்காரன் காலத்து வாழைமர நோட்டு எல்லாம் என் கை வழியாகப் போயிருக்கின்றன. துப்பாக்கியை மட்டும் தொட்டதில்லை. அமெரிக்காவில் 1898-லோ அதற்கு முன்போ செய்த துப்பாக்கி என்றால் சட்டமே அதைப் பழம்பொருள் என்று ஒதுக்கிவிடுகிறது. இங்கே 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் ஒன்று. அது போதாதென்று 1971-இல் தண்டனையைக் கூட்டி இன்னொன்று. உரிமம் இல்லாத துப்பாக்கி கையில் இருந்தால் 14 வருடம் வரை உள்ளே, ஆறுக்குக் குறையாமல் ரோத்தான் பிரம்படி. இருநூறு வெள்ளி லாபத்துக்கு யார் முதுகைக் கொடுப்பது? (ரோத்தான் விழுவது முதுகில் அல்ல என்பது வேறு விஷயம்.)

விற்காவிட்டாலும் அமெரிக்கக்காரர்களின் துப்பாக்கி விளம்பரங்களை ராத்திரியில் உட்கார்ந்து படிப்பேன். எழுதக் கற்றுக்கொண்டதே அங்கேதான். நல்ல விற்பனையாளன் குழலில் என்ன எண், போல்ட்டில் என்ன எண், இரண்டும் ஒன்றுதானா என்று முதல் வரியிலேயே சொல்லிவிடுவான். கட்டையில் விரிசல் இருந்தால் விரலை வைத்துக் காட்டிப் படம் எடுத்திருப்பான். துருவைத் தேய்த்துப் புதுச் சாயம் ஏற்றியிருந்தால் அதையும் எழுதியிருப்பான். எண் பொருந்தாத துப்பாக்கியும் விலை போகத்தான் செய்கிறது, அதற்கேற்ற விலைக்கு.

இதைப் படித்தும் ஒருமுறை வழுக்கினேன். நாச்சியார்கோவில் குத்துவிளக்கு ஒன்று. பாதம், தண்டு, தகழி, மேலே அன்னம் என்று மரை போட்டுத் திருகிச் சேர்ப்பது. என்னிடம் வந்ததில் அன்னம் மட்டும் வேறு விளக்கிலிருந்து வந்தது. மரை அரைச் சுற்றுக்கு மேல் ஏறாது. துணியைச் சுற்றித் திருகி நிறுத்திப் படம் எடுத்துப் போட்டேன். 'பழைய விளக்கு, நல்ல நிலை.' பொய் ஒன்றுமில்லை, பாருங்கள்! கார்த்திகை அன்று வாங்கியவர் வீட்டில் எண்ணெயில் துணி ஊறி நழுவி, அன்னம் தகழிக்குள் தலைகுப்புற விழுந்தது. அவர் சண்டை போடவில்லை. படம் மட்டும் அனுப்பினார். காசைத் திருப்பிக் கொடுத்தேன். விளக்கு இன்னும் என் அலமாரியில்தான் இருக்கிறது.

அதனால் அக்காவின் லேலாவை ஜன்னலோரம் கொண்டுபோனேன். குழலின் இரு பக்கமும் வாயிலிருந்து அடிவரை ஒரு மெல்லிய கோடு. இரண்டு பாதி அச்சைச் சேர்த்து வார்த்ததன் தடம். நான் பார்த்த பழையவை மெழுகு உருக்கி வார்த்தவை. அவற்றில் இந்தக் கோடு இராது. இடுக்கில் இருந்த பச்சைக் களிம்பு தின்னர் நனைத்த பஞ்சில் அப்படியே ஏறி வந்தது. கடைசியாக, அடிப்பக்கம் திரி வைக்கும் ஓட்டை. பல்குச்சியை விட்டேன். அரிசி நீளம் போய் முட்டி நின்றது. ஓட்டை குழலுக்குள் திறக்கவே இல்லை. திறக்காத ஓட்டையால் மருந்துக்கு நெருப்பு எப்படிப் போகும்? இது பிறந்ததிலிருந்து ஒரு குண்டும் சுட்டதில்லை.

பினாங்கு கோட்டையில் ஸ்ரீ ரம்பாய் என்று ஒரு பெரிய பீரங்கி இருக்கிறது. டச்சுக்காரன் 1603-இல் வார்த்தது; வருஷம் அதன் உடம்பிலேயே இருக்கிறது. ஜொகூர் சுல்தானிடம் போய், 1613-இல் ஆச்சே படை அள்ளிக்கொண்டு போய், பிறகு நம் கோலா சிலாங்கூருக்கு வந்து, 1871-இல் வெள்ளைக்காரன் அங்கிருந்து பினாங்குக்கு எடுத்துப் போனான். அரண்மனைக் கதை என்றால் இப்படி ஊர் ஊராகத் தடம் இருக்க வேண்டும். அக்காவிடம் இருந்தது வாய்க் கதை.

சொன்னபோது அவர் முகம் சுண்டிப்போனது. "அப்ப எங்க வீட்டுக்காரரு பொய் சொன்னாரா?" இல்லை அக்கா, அவருக்குச் சொன்னவர் சொன்னதைச் சொன்னார் என்றேன். சுடாத சாமானாக இருந்தாலும் முதலில் உங்கள் மகன் போலீஸ் நிலையத்தில் காட்டிவிட்டு வரட்டும், அதற்குப் பிறகுதான் விளம்பரம் என்றேன். அவர் காபி கொடுத்தார், பேசவில்லை.

வீட்டுக்கு வந்து எழுதிவைத்தேன். 'லேலா வடிவ அலங்காரப் பொருள். பித்தளை. இரு பக்கமும் அச்சுக் கோடு உண்டு (படம் 3). திரி ஓட்டை குழலுக்குள் திறக்கவில்லை, சுட முடியாது (படம் 4, பல்குச்சியுடன்). பச்சைக் களிம்பு பிறகு பூசியது. மேலே பூவேலை வயதால் தேய்ந்திருக்கிறது. பேராக் அரண்மனையிலிருந்து வந்ததாகக் குடும்பத்தில் சொல்வார்கள், ஆதாரம் இல்லை.' கடைசி வரியை இரண்டு முறை அழித்து, இரண்டு முறை திரும்பப் போட்டேன். கதையை விட்டுவிட்டால் அக்காவுக்கு வலிக்கும். ஆதாரம் இல்லை என்பதை விட்டுவிட்டால் வாங்குகிறவனுக்கு.

அக்காவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். ராத்திரி பத்து மணிக்குக் கூப்பிட்டார்.

"எல்லாம் சரிதான் தம்பி. பூவேலை வயசால தேஞ்சுதுன்னு போட்டுருக்கியே, அது தப்பு. தீபாவளிக்குத் தீபாவளி அவரு பிராஸோ போட்டு உக்காந்து தேய்ப்பாரு. கல்யாணமாகி முப்பத்தொரு வருசம் நான் பாத்துருக்கேன்."

போனை வைத்துவிட்டு அந்த வரியைத் திருத்தினேன்: பூவேலை தேய்ந்திருப்பது பிராஸோவால், முப்பத்தொரு தீபாவளி.